பழைய தேசிய சேமிப்புக் கணக்கு: வரி போட்ட பணம் வரியில்லாப் பணம் ஆனது

நமது சங்க உறுப்பினர்களில் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் பலர். அவர்களில் 1987-க்கும் 1992-க்கும் இடையே வருமான வரி கட்டியவர்கள், வீட்டு பீரோவில் பத்திரக் கட்டுக்கு அடியில் ஒரு பழைய அஞ்சலக பாஸ் புத்தகம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு இக்கட்டுரையைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். "என்.எஸ்.எஸ்." என்று முகப்பில் எழுதிய புத்தகம் இருந்தால் இது முழுக்க முழுக்க உங்களுக்காக எழுதப்பட்டது. இல்லாதவர்களும், குறிப்பாக இப்போது கடையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த தலைமுறையினரும், பின்பகுதியைப் படித்தால் போதும்.

அரசு ஊழியருக்கு ஓய்வு வயது உண்டு, ஓய்வூதியம் உண்டு. வணிகருக்கு இரண்டும் இல்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் பூஜைக் கடை வைத்திருப்பவர் ஆனாலும், திருவண்ணாமலை நகரில் மணிலா மண்டி நடத்துபவர் ஆனாலும், முழங்கால் ஒத்துழைக்கும் வரை கடைக்கு வருகிறார். அதற்குப் பிறகு மகன் கையை எதிர்பார்க்கிறார். ஆகவே முதுமைக்கென்று நாமே ஒதுக்கி வைக்கும் பணத்துக்கு எப்போது வரி, எவ்வளவு வரி என்பது நமக்குச் சின்ன விஷயம் அல்ல.

கணக்கு பிறந்த கதை

1987-ஆம் ஆண்டு பட்ஜெட்டை நிதித் துறையையும் கையில் வைத்திருந்த பிரதமர் ராஜீவ் காந்தியே தாக்கல் செய்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் அஞ்சலகங்களில் தேசிய சேமிப்புத் திட்டம் 1987 என்ற கணக்கு தொடங்கப்பட்டது. வட்டி 11 சதவீதம். இதில் போடும் பணத்துக்கு வருமான வரிச் சட்டம் 80சிசிஏ பிரிவின்படி கழிவு கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் இந்தக் கழிவு 40,000 ரூபாய் வரை போனது. அக்காலத்தில் 40,000 ரூபாய் என்பது பெரிய தொகை.

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் சிறுசேமிப்பு ஏஜெண்டுகள் கடை கடையாக ஏறி இறங்கியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நமது திருவண்ணாமலை தனி மாவட்டமானதே 1989 செப்டம்பர் 30-ஆம் தேதிதான். கழிவு தருகிறார்கள், வட்டியும் 11 சதவீதம் என்றதும் வரி கட்டும் வணிகர்கள் யோசிக்காமல் போட்டார்கள். அதில் தவறும் இல்லை. 1990-91-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 50 சதவீதம் வரி, மேல்வரி தனி. அந்தப் படியில் இருந்த ஒருவர் 30,000 ரூபாய் போட்டு முழுவதும் கழிந்ததாக வைத்துக்கொண்டால், மேல்வரி நீங்கலாக 15,000 ரூபாய் வரி மிச்சம். பாதிப் பணத்தை அரசாங்கமே போட்டது போலத்தான்.

1992-இல் வரி அமைப்பே மாறியது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் போடும் பணத்துக்குக் கழிவு நின்றது. செப்டம்பர் முடிந்ததும் 1987 திட்டத்தில் புதிய பணம் வாங்குவதும் நின்றது. அக்டோபர் 1-இல் வந்த 1992 திட்டம் வேறு வகையானது. அதில் போடும் பணத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. அதுவும் 2002 நவம்பரில் மூடப்பட்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் புத்தகம் எந்த ஆண்டுத் திட்டம் என்பதை முதலில் பாருங்கள்.

வாசலிலே பூட்டு

கழிவு கொடுத்த அதே 80சிசிஏ பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் பலர் அன்று படிக்கவில்லை, ஏஜெண்டும் சொல்லவில்லை. கணக்கிலிருந்து எந்த ஆண்டு பணம் எடுக்கிறீர்களோ, அந்த ஆண்டு அசலும் வட்டியும் சேர்ந்து உங்கள் வருமானமாகக் கருதப்படும் என்பதே அது. போட்ட வட்டிக்கு மட்டுமல்ல, அசலுக்கும் வரி. அன்று கழிவு கொடுத்ததற்கு ஈடாக இன்று வாங்கிக்கொள்கிறோம் என்பது அரசின் நியாயம். நியாயம் சரிதான், ஆனால் பணம் போட்டவர் அதை வரி விலக்கு என்று நினைத்தார். உண்மையில் அது வரி ஒத்திவைப்பு.

எடுக்கும்போதே மூலத்தில் பிடித்தமும் உண்டு. 194இஇ பிரிவின்படி ஓராண்டில் 2,500 ரூபாய்க்கு மேல் எடுத்தால் ஆரம்பத்தில் 20 சதவீதம், 2016 ஜூன் முதல் 10 சதவீதம் பிடிக்கப்பட்டது. ஆனால் கணக்குதாரர் இறந்து வாரிசுகள் பணத்தை வாங்கினால் இந்தப் பிடித்தம் கிடையாது. உயிரோடு இருந்து எடுத்தால் பிடிப்பார்கள், இறந்த பின் பிள்ளை எடுத்தால் பிடிக்க மாட்டார்கள் என்ற இந்த விசித்திரத்தால் "நான் போன பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பூட்டி வைத்தவர்கள் உண்டு. தமக்காகச் சேர்த்த பணத்தைத் தாமே தொட முடியாமல் இருந்தார்கள்.

இதற்கிடையே 11 சதவீத வட்டி படிப்படியாக இறங்கி 7.5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இருந்தாலும் எடுத்தால் வரி என்ற பயத்தில் கணக்குகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றன.

முன்னே வரியா, பின்னே வரியா?

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடுவோம். கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது எளிது.

ஒருவர் சம்பாதித்த 10,000 ரூபாயை முதுமைக்கு ஒதுக்குகிறார். அவருக்கு வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வழி: இப்போது வரி இல்லாமல் 10,000-ஐயும் போடுகிறார். இருபது ஆண்டில் அது நான்கு மடங்காகி 40,000 ஆகிறது. அப்போது 20 சதவீத வரி 8,000 போக, கையில் 32,000. இரண்டாவது வழி: இப்போதே 2,000 வரி கட்டிவிட்டு 8,000-ஐப் போடுகிறார். அதுவும் நான்கு மடங்காகி 32,000. எடுக்கும்போது வரி இல்லை. கையில் அதே 32,000.

ஒரு பைசா வித்தியாசம் இல்லை! வட்டி எத்தனை சதவீதமானாலும், ஆண்டு எத்தனை ஆனாலும் இதே விடைதான் வரும். வித்தியாசம் வருவது ஒரே ஒரு காரணத்தால்: போடும் ஆண்டின் வரி விகிதமும் எடுக்கும் ஆண்டின் வரி விகிதமும் வேறாக இருக்கும்போது. இன்று 30 சதவீதப் படியில் இருந்து, முதுமையில் 5 சதவீதப் படிக்கு இறங்குபவருக்கு முதல் வழி லாபம். இன்று வரியே இல்லாமல் இருந்து, பிற்காலத்தில் வாடகை, வட்டி என்று வருமானம் ஏறப்போகிறவருக்கு இரண்டாவது வழி லாபம்.

1990-91-இல் 50 சதவீதப் படியில் கழிவு வாங்கியவர், 1997 பட்ஜெட்டில் உச்ச விகிதம் 30 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பிறகு, கடை மந்தமான ஒரு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தால் வரி கட்டியும் நல்ல லாபம்தான். விதிப்படி ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம். விவரம் தெரிந்த கணக்குப்பிள்ளை அருகில் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். முழுவதையும் ஒரே ஆண்டில் மகள் கல்யாணத்துக்கு எடுத்தவர்கள் மேல் படியில் போய் மாட்டிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் இதையே ஒரு முறையாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கு நமது 1987 திட்டம் போன்றது: போடும்போது கழிவு, எடுக்கும்போது வரி. 1997-இல் டெலவேர் மாநில செனட்டர் வில்லியம் ராத் பெயரால் மற்றொரு கணக்கு வந்தது. அதில் போடும்போது கழிவு இல்லை; வயது, கால விதிகளுக்கு உட்பட்டு எடுக்கும்போது வரியும் இல்லை. பழைய கணக்கை ராத் கணக்காக மாற்றிக்கொள்ளவும் அனுமதி உண்டு. மாற்றும் தொகை அந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். அதன் பிறகு விடுதலை. முதல் ஆண்டான 1998-இல் மாற்றியவர்களுக்கு அந்த வருமானத்தை நான்கு ஆண்டுகளில் பிரித்துக் காட்டச் சலுகை கொடுத்தார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மாற்றக் கூடாது என்றிருந்த தடை 2010-இல் நீங்கியது. மாற்றிய பிறகு மனம் மாறினால் பழையபடி திருப்பிக்கொள்ளும் வசதி 2018 முதல் இல்லை.

நம் உறுப்பினர்களில் பலருக்குப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஊர் திரும்ப நினைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே வரி இல்லை என்பதால் இங்கேயும் வரி இல்லை என்று பொருள் அல்ல. இங்கே குடியிருப்பவராக ஆன பின் வெளிநாட்டு ஓய்வுக் கணக்கின் வருமானத்தை எந்த ஆண்டில் காட்டுவது என்பதற்காக 2021-இல் 89ஏ என்று தனிப் பிரிவே கொண்டுவந்தார்கள். மாற்றுவதானால் திரும்புவதற்கு முன்பே இரு நாட்டுக் கணக்கும் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் கணக்குதாரர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது. ஆனால் 2025-இல் அரசாங்கமே சட்டத்தைத் திருத்தி ஒரு வகைக் கணக்கை மாற்றிக் கொடுத்துவிட்டது. அதுவும் இடையில் வரி எதுவும் வாங்காமல்!

2024 ஆகஸ்ட் 29

மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 1987 திட்டக் கணக்குகளுக்கு 2024 அக்டோபர் 1 முதல் வட்டி கிடையாது என்பது அதன் சாரம். அதாவது அன்று முதல் அந்தப் பணம் பெட்டியில் வைத்த பணம். எடுத்தால் வரி, வைத்தால் வட்டி இல்லை. எண்பது வயதைத் தொட்ட கணக்குதாரர்கள் என்ன செய்வார்கள்?

முறையீடுகள் போயின. 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட் உரையில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன், வட்டி நின்றுவிட்டதைக் குறிப்பிட்டு, 2024 ஆகஸ்ட் 29 அன்றோ அதற்குப் பிறகோ தனிநபர்கள் இக்கணக்கிலிருந்து எடுக்கும் பணத்துக்கு வரி விலக்கு என்று அறிவித்தார். 2025 நிதிச் சட்டம் 80சிசிஏ பிரிவை அந்தத் தேதியிலிருந்து முன்தேதியிட்டுத் திருத்தியது. 1992 ஏப்ரல் 1-க்கு முன் போட்டுக் கழிவு பெற்ற பணம், அதன் மேல் ஏறிய வட்டி, இரண்டுக்குமே விலக்கு. அதே ஆண்டு ஏப்ரலில் மூலத்தில் பிடித்தமும் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது.

இது எவ்வளவு பெரிய சலுகை என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். கணக்கில் 6 லட்சம் ரூபாய் இருக்கிறது. கணக்குதாரர் மற்ற வருமானத்தால் ஏற்கெனவே 30 சதவீதப் படியில் இருக்கிறார். 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி எடுத்திருந்தால் செஸ் சேர்த்து 31.2 சதவீதம், அதாவது 1,87,200 ரூபாய் வரி. மறுநாள் எடுத்திருந்தால் ஒன்றும் இல்லை.

வருடா வருடம் ஒழுங்காக எடுத்து வரி கட்டி வந்தவர்களுக்கு இந்தச் சலுகையால் பயன் இல்லை; பயந்தோ மறந்தோ விட்டுவைத்தவர்களுக்குத்தான் பயன். நேர்மையாகக் கணக்கை முடித்தவர்கள் இதைக் கேட்டு வயிறெரிந்தால் குறை சொல்ல முடியாது. கழிவும் வாங்கி, முப்பது ஆண்டு வட்டியும் வாங்கி, கடைசியில் வரியும் இல்லை என்பது வேறு எந்தத் திட்டத்திலும் எளிதில் கிடைக்காத ஒன்று. ஆனால் வட்டியை நிறுத்திவிட்டு வரியையும் வாங்கியிருந்தால் அது அதைவிடப் பெரிய அநியாயமாக இருந்திருக்கும்.

விலக்கு கிடைத்த பிறகும் பணத்தை அங்கேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை. 6 லட்சம் சும்மா கிடந்தால் என்ன நஷ்டம்? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2025-இல் 8.2 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். அந்த விகிதத்தில் 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 49,200 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 12,300 ரூபாய் கைக்கு வரும். மருந்துச் செலவுக்கு மகனிடம் கை நீட்ட வேண்டியதில்லை. அத்திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம். அந்த வட்டிக்கு வரி உண்டு. ஆனால் 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை மொத்த வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியால் வரி வராது என்பதால் பெரும்பாலான மூத்த வணிகர்களுக்கு அது பிரச்சினையே அல்ல.

விலக்கில் உள்ள ஓட்டைகள்

சலுகை தனிநபருக்கு மட்டும். இது நம்மவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம். அந்நாளில் 80சிசிஏ கழிவு இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் இருந்தது. பழைய மண்டிக் குடும்பங்கள் பலவற்றில் கர்த்தா பெயரில் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். பாஸ் புத்தகத்தில் பெயருக்குப் பின்னால் கூட்டுக் குடும்பம் என்ற குறிப்பு இருந்தால் எடுக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். தனிநபர் கணக்கு என்று நினைத்து எடுத்துவிட்டுப் பிறகு நோட்டீஸ் வாங்க வேண்டாம். அன்றைய கணக்கு எந்த ரிட்டர்னில் கழிவாகக் காட்டப்பட்டது என்பதற்குப் பழைய ரிட்டர்ன் நகல் கிடைத்தால் நல்லது.

இரண்டாவது, அதே பிரிவில் எல்.ஐ.சி.யின் ஜீவன் தாரா, ஜீவன் அக்ஷய் பாலிசிகளும் இருந்தன. அவற்றைச் சரண்டர் செய்து வாங்கும் பணத்துக்கு இந்த 2025 விலக்கு பொருந்தாது. தேசிய சேமிப்புக் கணக்குக்கு மட்டுமே.

1992 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போட்ட பணம் மற்றொரு சிக்கல். அதற்குக் கழிவு கிடைக்கவில்லை. ஆகவே அசலுக்கு வரி கிடையாது. ஆனால் புதிய விலக்கு அந்தத் தேதிக்கு முன் போட்ட பணத்தின் வட்டியைத்தான் சொல்கிறது. அந்த ஆறு மாதத்தில் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 29-க்கும் 2025 மார்ச் முடிவுக்கும் இடையே எடுத்தவர்கள் கதை தனி. அப்போது சட்டம் திருத்தப்படவில்லை. ஆகவே அஞ்சலகம் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்திருக்கும். மேற்சொன்ன 6 லட்சத்துக்கு அது 60,000 ரூபாய். அந்தப் பிடித்தம் உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ் பட்டியலில் இருக்கும். 2024-25 நிதியாண்டுக்கு ரிட்டர்ன் போட்டு விலக்கு கேட்டவர்களுக்குத் திரும்பக் கிடைக்க வழி இருந்தது. தாமத ரிட்டர்னுக்கான கெடுவும் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. தவறவிட்டவர்கள் பணம் போய்விட்டது என்று விட்டுவிட வேண்டாம். தாமதத்தை மன்னித்து ரீஃபண்டு கோரிக்கையை ஏற்குமாறு 1961 சட்டத்தின் 119(2)(பி) பிரிவில் விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபர் சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு வரை அதற்கு இடம் உண்டு. உடல் நலமின்மை, முதுமை போன்ற நியாயமான காரணத்தைச் சான்றோடு சொல்ல வேண்டும். "புதுப்பித்த ரிட்டர்ன்" என்று நான்கு ஆண்டு வரை போட அனுமதிக்கும் ஐ.டி.ஆர்-யு படிவத்தில் ரீஃபண்டு கேட்க முடியாது. அதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

இங்கே நாம் சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். 2025-ஆம் ஆண்டு புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று வகுக்கப்பட்டது. அதில் எண்கள் மாறியுள்ளன. ஆடிட்டரிடம் பேசும்போது பழைய எண்ணைச் சொல்லி, எடுக்கப்போகும் தேதிக்குப் பொருந்தும் புதிய எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளைய வணிகர்களுக்கு

பழைய கணக்கு இல்லாதவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பி.பி.எஃப். பற்றிய ஒரு விஷயம். 1968-இல் தொடங்கிய பொது சேமநல நிதியில் மூன்று சலுகைகள் இருந்தன: போடும்போது கழிவு, வட்டிக்கு வரி இல்லை, எடுக்கும்போதும் வரி இல்லை. இப்போது புதிய வரி முறையில் முதல் சலுகை போய்விட்டது. 2023-24 முதல் அதுவே இயல்பான முறை. அதில் 80சி கழிவு இல்லை. உடனே பலர் "கழிவு இல்லாத பி.பி.எஃப். எதற்கு?" என்று கட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

இது அவசர முடிவு என்பது நம் கருத்து. முன்னே பார்த்த இரண்டு வழிக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கழிவு போன பின் பி.பி.எஃப். அமெரிக்க ராத் கணக்கு போல ஆகிவிட்டது: வரி கட்டிய பணத்தைப் போடுகிறீர்கள், பின்னால் வரி இல்லாமல் எடுக்கிறீர்கள். 12 லட்சத்துக்குள் வருமானம் உள்ள கடைக்காரருக்கு இன்று வரியே இல்லை. வரி இல்லாதபோது கழிவு கிடைத்து என்ன, கிடைக்காமல் என்ன? இப்படிப்பட்டவருக்குத்தான் இரண்டாவது வழி மிகப் பொருத்தம். போடும்போதும் வரி இல்லை, எடுக்கும்போதும் வரி இல்லை.

ஆண்டுக்கு உச்சவரம்பான ஒன்றரை லட்சத்தை ஒவ்வோர் ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் போட்டு வந்தால், 2020 ஏப்ரல் முதல் 2025 முடிய இருந்த 7.1 சதவீதமே நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், பதினைந்து ஆண்டில் 22.5 லட்சம் முதல் 40 லட்சத்து 68 ஆயிரம் ரூபாய் ஆகும். வட்டி மட்டும் 18 லட்சத்துக்கு மேல். அதற்கு வரி இல்லை. மாதத்தின் 5-ஆம் தேதிக்குப் பின் போட்டால் அந்த மாத வட்டி இல்லை என்பதை மறக்கக் கூடாது. பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். தொடர்ந்து பணம் போட விரும்பினால் முதிர்ந்த ஓராண்டுக்குள் படிவம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் இருக்கும் பணத்துக்கு வட்டி வரும், புதிதாகப் போட முடியாது. கூட்டுக் குடும்பத்தின் பெயரில் 2005 மே முதல் புதிய கணக்கு தொடங்க முடியாது.

வணிகருக்கு இதில் வேறொரு நன்மை உண்டு. வட்டியைவிட இதையே நாம் பெரிதாகச் சொல்வோம். பி.பி.எஃப். கணக்கில் உள்ள பணத்தைக் கணக்குதாரரின் கடனுக்காக எந்த நீதிமன்ற ஆணையாலும் ஜப்தி செய்ய முடியாது. கடன் கொடுக்கல் வாங்கலில் வாழ்கிற நமக்கு இதன் அருமை தெரியும். ஒரு பெரிய பார்ட்டி கவிழ்ந்தால் அவருக்குச் சரக்குக் கொடுத்த நாலு பேரும் கவிழ்கிறோம். கடை, சரக்கு, வீடு என்று ஒவ்வொன்றாகப் போனாலும் முதுமைக்கென்று வைத்த இந்தப் பணம் நிற்கும். நீதிமன்றம் என்றுதான் விதி சொல்கிறது. வரி பாக்கிக்காக வரும் அதிகாரியையும் அது தடுக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

எந்த வரி முறை என்று முடிவு செய்யும்போது வியாபார வருமானம் உள்ளவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சம்பளக்காரர் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். நாம் 1961 சட்டத்தின் கீழ் 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போனால், புதிய முறைக்கு ஒரே ஒரு முறைதான் திரும்பி வரலாம். வியாபாரம் இருக்கும் வரை அதற்குப் பின் பழைய முறை கிடையாது. ஆகவே ஒன்றரை லட்சக் கழிவை மட்டும் பார்த்து ஆட வேண்டாம். பழைய முறையில் வீட்டுக் கடன் வட்டி, மருத்துவக் காப்பீடு என்று கழிவுகள் நிறைய உள்ளவர்களுக்கே அது கட்டுபடியாகும்.

2009 மே முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட என்.பி.எஸ். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அறுபது வயதில் எடுக்கும் தொகையில் 60 சதவீதத்துக்கு வரி இல்லை. ஆண்டுத்தொகைப் பாலிசியாக மாறும் பகுதியிலிருந்து மாதாமாதம் வரும் ஓய்வூதியத்துக்கு வரி உண்டு. அரசு ஊழியர் அல்லாதவர்கள் கட்டாயமாக ஆண்டுத்தொகையில் போட வேண்டிய பங்கை 40-லிருந்து 20 சதவீதமாக 2025 டிசம்பரில் குறைத்தார்கள். அப்போது வரிச் சட்டத்தில் இருந்த விலக்கு 60 சதவீதத்துக்கே. 80 சதவீதத்தை மொத்தமாக எடுக்கலாம் என்று சொல்பவரிடம் மிச்ச 20-க்கு வரி உண்டா என்று கேளுங்கள்.

வரியில்லாமல் எடுக்கலாம் என்று இன்று சொல்வது நாளை மாறாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. 2009-இல் வந்த நேரடி வரிச் சட்ட வரைவு, எடுக்கும்போது வரி என்ற முறையை முன்வைத்தது. எதிர்ப்பால் 2010-இல் பி.பி.எஃப். போன்றவற்றுக்குப் பின்வாங்கினார்கள். 2016 பிப்ரவரி 29 பட்ஜெட்டில் வருங்கால வைப்பு நிதியில் எடுக்கும் பணத்தில் 60 சதவீதத்துக்கு வரி என்றார்கள். தொழிலாளர்கள் கிளம்பியதும் மார்ச் 8-ஆம் தேதியே விலக்கிக்கொண்டார்கள். 1987 திட்டத்திலோ வரி என்றிருந்ததை இல்லை என்றாக்கினார்கள். இதுவரை நடந்தது சேமித்தவர் பக்கமே சாய்ந்திருக்கிறது. இருந்தாலும் ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்காமல் கொஞ்சம் இதில், கொஞ்சம் அதில் என்று இருப்பதே நமக்கு வழக்கமான வழி.

எடுக்கப் போகும்போது

பாஸ் புத்தகம், ஆதார், பான் அட்டை, பணம் வரவேண்டிய சேமிப்புக் கணக்கின் விவரம் ஆகியவற்றோடு கணக்கு இருக்கும் அஞ்சலகத்துக்குப் போங்கள். முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, ஊர்ப் பெயர் என்று எழுதிய பெயரும் இன்றைய ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்பார்கள். கையெழுத்து மாறியிருந்தாலும் அப்படியே. புத்தகம் தொலைந்திருந்தால் நகல் புத்தகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கணக்குதாரர் நடமாட முடியாதவர் என்றால் முதலில் மகன் போய் அஞ்சல் அதிகாரியிடம் என்ன படிவம் வேண்டும் என்று கேட்டு வருவது அலைச்சலைக் குறைக்கும். நியமனதாரர் பெயர் யார் என்பதையும் அதே நடையில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்நாளில் எழுதிய நியமனதாரர் இன்று உயிரோடு இல்லாத கணக்குகள் உண்டு.

அடி அண்ணாமலை, கிரிவலப் பாதைப் பக்கமிருந்து நகருக்கு வருபவர்கள் பௌர்ணமி நாளையும் அதற்கு மறுநாளையும் தவிர்த்து வருவது நல்லது. அன்று கடையை விட்டு வர முடியாது. வந்தாலும் பதினான்கு கிலோமீட்டர் பாதையில் கூட்டத்தைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் கவுன்டரை மூடிவிடுவார்கள்.